மலையில் பன்றிக்கறி: எந்தக் கோளாறுக்கு என்ன வழி

சமையல் குறிப்பில் "ஐந்து விசில்" என்று போட்டிருக்கும். அதை எழுதியவர் சென்னையிலோ மதுரையிலோ அடுப்படியில் நின்றவர். நீங்கள் நிற்பது ஊட்டியில், கடல் மட்டத்துக்கு 2,240 மீட்டர் மேலே. கீழே 100 டிகிரியில் கொதிக்கிற தண்ணீர் இங்கே 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். குன்னூரில் 94, கூடலூரில் 96 சொச்சம். கொடைக்கானல்காரர்கள் ஏறக்குறைய ஊட்டிக் கணக்கையே வைத்துக்கொள்ளலாம். இந்த ஏழெட்டு டிகிரி கோழிக்குப் பெரிதாகத் தெரியாது. பன்றிக்கறிக்கு நன்றாகவே தெரியும். அதோடு மழைக்காலத்து ஈரமும் மார்கழிக் குளிரும் சேர்ந்துகொண்டால், எழுதியபடியே செய்தும் ஏன் வரவில்லை என்று குழம்ப வேண்டியதுதான்.

வீடுகளில் கேட்கிற புகார்களையே தலைப்பாக வைத்திருக்கிறேன். உங்களுடையது எதுவோ அங்கே நேராகப் போய்விடுங்கள்.

எத்தனை விசில் விட்டாலும் கறி ரப்பர் மாதிரி இருக்கிறது

எந்தப் பகுதிக் கறி என்று முதலில் பாருங்கள். முன்தொடை, வயிற்றுப்பகுதி, தோலோடு வெட்டிய துண்டு என்றால் கறியில் குறையில்லை, இன்னும் வேகவில்லை, அவ்வளவுதான். இந்தப் பகுதிகளில் சதையைப் பிணைத்திருக்கும் கொலாஜன் அதிகம். அது கரைந்து ஜெலட்டினாக மாறினால்தான் கறி மெத்தென்று வரும். 70 டிகிரி வாக்கில் கரையத் தொடங்கும். 90-ஐத் தாண்டினால்தான் வேகம் பிடிக்கும். ஊட்டியில் திறந்த சட்டி 93-க்கு மேல் போகவே போகாது. தீயைக் கூட்டினால் தண்ணீர் சீக்கிரம் வற்றும், சூடு ஏறாது.

அதனால் இங்கே குக்கர்தான் கதி. ஆனால் குக்கரும் முழுசாகக் காப்பாற்றாது. வெயிட் தாங்கும் அழுத்தம் எங்கேயும் ஒன்றுதான், ஆனால் அது வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல் கூடுகிற கணக்கு. வெளிக்காற்றே மெலிந்திருப்பதால் கீழே 120 டிகிரி வரை போகிற குக்கர் ஊட்டியில் 116-ஓடு நின்றுவிடும்.

விசில் எண்ணுவதை விட்டுவிட்டுக் கடிகாரத்தைப் பாருங்கள். பெரிய தீயில் வைத்தால் பத்து நிமிடத்துக்குள் எட்டு விசில் வந்துவிடும், சிறு தீயில் அரை மணிக்கு இரண்டே வரும். அதில் என்ன கணக்கு இருக்கிறது? நான்கு சென்டிமீட்டர் துண்டுகள், தோலோடு, ஒரு கிலோ என்றால், முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து ஊட்டியில் 25 நிமிடம், குன்னூர், கோத்தகிரியில் 22, கூடலூரில் 18 முதல் 20. பிறகு ஆவி தானாக அடங்கட்டும். கரண்டியால் வெயிட்டைத் தூக்கி ஆவியை விரட்டினால் கறிக்குள் இருக்கும் சாறும் அதே வேகத்தில் கொதித்து வெளியேறும். மிருதுவாக இருந்தது அந்த ஒரு நிமிடத்தில் இறுகிப்போகும்.

வெந்ததா என்று பார்க்க ஒரு துண்டைத் தட்டில் வைத்து, கரண்டி முதுகால் தோலை அழுத்துங்கள். நசுங்கி விலகினால் வெந்துவிட்டது. கரண்டியைத் தள்ளிவிட்டு நிமிர்ந்தால் இன்னும் எட்டு நிமிடம்.

முதல் விசிலே வர மாட்டேன் என்கிறதா? கேஸ்கெட்டைப் பாருங்கள். அது நன்றாக இருந்தால் சிலிண்டரைப் பாருங்கள். ஜனவரி விடியற்காலையில், அதுவும் தீரப்போகிற சிலிண்டரில், குளிரால் உள்ளே வாயு அழுத்தம் குறைந்து தீ சோம்பலாகத்தான் எரியும். வெந்நீர் ஊற்றுவது, அடுப்புப் பக்கம் நகர்த்துவது எல்லாம் வேண்டாம். வெயில் ஏறியபின் சமையுங்கள், அல்லது சிலிண்டரை மாற்றுங்கள்.

வெந்துவிட்டது, ஆனால் சக்கையாக இருக்கிறது

இது பின்தொடை. கொழுப்பு வேண்டாம் என்று தனிக்கறியாகக் கேட்டு வாங்குகிறவர்கள் வீட்டில் எப்போதும் இதே புகார். பின்தொடையில் கரைவதற்குக் கொலாஜனும் இல்லை, காப்பதற்குக் கொழுப்பும் இல்லை. அதைப் போய்க் குக்கரில் 25 நிமிடம் வைத்தால் நார் நாராகத்தான் வரும். மேலே சொன்ன கணக்கை இதற்கு எடுத்துவராதீர்கள். மெல்லியதாக அரிந்து, கனமான வாணலியில், வெங்காயத்தோடு சுருள வதக்கி இறக்குகிற கறி இது.

ஏற்கெனவே சக்கையாகிவிட்டதை மீண்டும் மிருதுவாக்க முடியாது. கையால் உதிர்த்து, இரண்டு கரண்டி பன்றி நெய்யில் மிளகும் சோம்பும் போட்டுப் பிரட்டி, வேகவைத்த ஊட்டி உருளைக்கிழங்கோடு பிசைந்து கட்லெட் தட்டிவிடுங்கள். பிள்ளைகளுக்குக் குழம்பைவிட இதுதான் பிடிக்கும். அடுத்த தடவை கடையில் கறியும் கொழுப்பும் இரண்டுக்கு ஒன்று என்று கேட்டு வாங்குங்கள்.

கவிச்சை வாடை போகவே இல்லை

மூன்று விதமான வாடை உண்டு. மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு.

ஒன்று, பச்சை வாடை: ரத்தமும் பாலித்தீன் பையும் சேர்ந்த வாடை. கறியை மஞ்சள் தூள் போட்ட தண்ணீரில் வைத்து, ஒரு கொதி வந்ததும் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதிதாகத் தொடங்கினால் தீர்ந்தது. இஞ்சியும் பூண்டும் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய கொடைக்கானல் மலைப்பூண்டு போடுவதானால் அளவைக் குறையுங்கள், காரம் கூடுதல். பத்துப் பல் என்று எழுதியிருந்தால் ஆறு போதும்.

இரண்டாவது, காறிப்போன கொழுப்பு. பழைய எண்ணெய் டின்னைத் திறந்தால் வருகிற நெடி. ஃப்ரீசரில் மாதக்கணக்கில் கிடந்த கறியில் வரும். கொழுப்பு மஞ்சள் பூத்திருக்கும். கொழுப்பை மட்டும் அரிந்து எறிந்து பார்க்கலாம், ஆனால் மசாலா செலவு மிச்சமாகட்டும் என்றால் மொத்தமாகவே எறிவது நல்லது.

மூன்றாவதுதான் வீட்டில் சண்டை மூட்டுவது. குளிர்ந்த கறியில் ஒன்றும் தெரியாது. சூடேறியதும் மூத்திர வாடையும் வியர்வை வாடையும் கலந்தாற்போல் கிளம்பும். காயடிக்காமல் வளர்ந்த கடாப் பன்றியின் கறி அது. கொழுப்பில் சேர்கிற ஆண்ட்ரோஸ்டெனோன், ஸ்கட்டோல் என்ற இரண்டு பொருள்கள்தான் காரணம். ஆண்ட்ரோஸ்டெனோன் வாடை சிலருடைய மூக்குக்குத் தெரியவே தெரியாது. மருமகள் "நல்லாத்தானே இருக்கு அத்தை" என்பதும், மாமியார் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொள்வதும், இரண்டும் உண்மை. யாரும் வேண்டுமென்று பேசவில்லை.

வினிகர், எலுமிச்சை, கொதிக்கவைத்துக் கொட்டுவது, எதுவும் இதை எடுக்காது. வாடை கொழுப்பிலேயே இருக்கிறது. சோதனை ஒன்று சொல்கிறேன். வாங்கிவந்ததும், மசாலாவில் கை வைப்பதற்கு முன், சுண்டைக்காய் அளவு கொழுப்பை வெறும் வாணலியில் போட்டுச் சூடாக்குங்கள். நெய் கசிந்து ஓரம் பொன்னிறமாகும்போது, வீட்டிலேயே கூர்மையான மூக்குக்காரரைக் கூப்பிட்டு முகரச் சொல்லுங்கள். அவர் முகம் சுளித்தால் கடைக்கே திருப்பிக் கொடுங்கள். அடுத்த முறை பெட்டை அல்லது காயடித்த வெண்பன்றி என்று கேட்டு வாங்குங்கள். நல்ல கடைக்காரருக்கு இதைக் கேட்டால் கோபம் வராது.

கறியில் வெள்ளை வெள்ளையாக அரிசி அளவில் ஏதோ இருக்கிறது

சமைக்காதீர்கள். கொழுப்புத் துணுக்கு என்றால் தேய்த்தால் வழவழக்கும், ஒழுங்கான வடிவம் இருக்காது. நீர் கோத்த சின்னக் கொப்புளமாக, சதைக்குள் பதிந்து, நகத்தால் நெம்பினால் தனியாகக் கழன்று வந்தால் அது நாடாப்புழுவின் கூடு. அரைவேக்காட்டில் தின்றால் புழு குடலில் வளரும். அந்தப் புழுவின் முட்டை மலம் வழியாக வெளியேறி, கழுவாத கையோடும் காயோடும் இன்னொருவர் வயிற்றுக்குள் போய், மூளை வரை ஏறி வலிப்பை உண்டாக்கும். நன்றாக வேகவைத்தால் கூடு செத்துவிடும் என்பது வாஸ்தவம்தான். இருந்தாலும் அந்தக் கறி எந்த மாதிரி இடத்தில் மேய்ந்த பன்றியுடையது என்பதை அந்தக் கூடு சொல்லிவிட்டதே. கொட்டிலில் தீவனம் போட்டு வளர்த்து, கால்நடை மருத்துவர் பார்த்த கறியாக வாங்குங்கள்.

இதையொட்டி இன்னொன்று. "உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கிறதே, வெந்ததா?" என்று கேட்பார்கள். நிறத்தை நம்பாதீர்கள், எலும்போரம் வெந்தபின்னும் சிவந்திருக்கும், பேக்கனும் ஹாமும் எப்போதுமே சிவப்புதான். குத்திப் பார்க்கும் வெப்பமானி வாங்கிவிடுங்கள். நடுவில் 71 டிகிரி காட்டினால் கவலையில்லை.

கறி வெந்துவிட்டது, உருளைக்கிழங்கு மட்டும் கடுக்கென்று இருக்கிறது

புளிப்பு முந்திக்கொண்டது. வினிகரோ புளியோ சேர்ந்த குழம்பில் கிழங்கின் செல்சுவர் லேசில் இளகாது. 92 டிகிரிக் கொதியில் கேட்கவே வேண்டாம், ஒரு மணி நேரம் ஆனாலும் நடுவில் கடிபடும். கிழங்கைத் தனியாக உப்புத் தண்ணீரில் முக்கால் பதம் வேகவைத்து, குழம்பு இறக்குவதற்குப் பத்து நிமிடம் முன்னால் சேருங்கள். இப்போதே மாட்டிக்கொண்டிருக்கிறீர்கள் என்றால் கிழங்கை மட்டும் பொறுக்கி எடுத்து, வெறும் தண்ணீரில் குக்கரில் இரண்டு விசில் விட்டுத் திரும்பப் போடுங்கள்.

குழம்பில் உலோகச் சுவை தெரிந்தால் பாத்திரம் அலுமினியம். புளிப்புப் பன்றிக்கறிக்கு மண்சட்டி அல்லது எவர்சில்வர்.

பந்திக் கறி கறுக்கவே இல்லை, அல்லது கறுத்துவிட்டுக் கசக்கிறது

கூடலூரிலிருந்து வயநாட்டைத் தாண்டினால் குடகு. பந்திக் கறி என்பது அங்கத்துப் பன்றிக்கறிக் குழம்பு. அதன் கறுப்பு இரண்டு இடங்களிலிருந்து வருகிறது: வறுத்த மசாலா, கச்சம்புளி என்ற கறுப்புப் புளிச்சாறு. இங்கே பெரும்பாலும் மசாலாவைப் பொன்னிறத்தில் இறக்கிவிடுகிறோம். சாம்பாருக்கு அது போதும், இதற்குப் போதாது. மல்லி, சீரகம், மிளகு மூன்றையும் காப்பிக்கொட்டை நிறம் வரும்வரை, சிறு தீயில், கை எடுக்காமல் வறுக்க வேண்டும். புகை வரலாம், கரியக் கூடாது. கசப்புக்குக் காரணம் பெரும்பாலும் வெந்தயம். அது மல்லிக்கு முன்னாலேயே கருகிவிடும். கால் ஸ்பூனுக்கு மேல் வேண்டாம், அதையும் தனியாக வறுத்துச் சேருங்கள். கசந்துபோன குழம்பை ஓரளவு மீட்க, பொன்னிறமாக வதக்கிய வெங்காய விழுதை இரண்டு கை அளவு சேர்த்து ஒரு கொதி விடலாம். தண்ணீர் ஊற்றினால் கசப்பு போகாது, ருசிதான் போகும்.

கச்சம்புளி கடைசியில்தான். கிலோவுக்கு ஒரு டீஸ்பூன் விட்டு, ருசி பார்த்து, வேண்டுமானால் இன்னொன்று. கச்சம்புளி கிடைக்கவில்லை என்று வினிகர் ஊற்றுகிறவர்கள் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து லைன் வீடுகளில் கேட்டுப் பாருங்கள். 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்து நீலகிரியில் குடியமர்ந்த குடும்பங்களுக்குக் கொறுக்காய் தெரியும். கேரளத்தில் குடம்புளி என்பதும் இலங்கையில் கொறுக்காய் என்பதும் குடகில் காய்ச்சிக் கச்சம்புளி ஆக்குவதும் ஒரே மரத்துப் பழம்தான். இரண்டு சுளையை வெந்நீரில் ஊறவைத்து, அரைத்து, வடிகட்டாமல் சேருங்கள். கச்சம்புளி அளவுக்குக் கறுப்பு வராது, புளிப்பின் குணம் சரியாக வரும்.

சாப்பிடும்போதே நெய் உறைந்து உதட்டில் ஒட்டுகிறது

மலைக் குளிர். பன்றிக் கொழுப்பு உடம்புச் சூட்டில்தான் இளகியிருக்கும். டிசம்பர் ராத்திரி எவர்சில்வர் தட்டில் போட்டால் இரண்டு வாய்க்குள் வெள்ளையாக உறையும். தட்டுகளை வெந்நீரில் அமிழ்த்தித் துடைத்துவிட்டுப் பரிமாறுங்கள். குழம்பின் மேல் மிதக்கும் நெய்யில் பாதியை முன்கூட்டியே வழித்து எடுத்துவிடுங்கள். அதைக் கொட்டவேண்டாம், வடிகட்டிப் பாட்டிலில் ஊற்றி ஃப்ரிட்ஜில் வைத்தால் முட்டைக்கோஸ் பொரியலுக்கும் வறுவலுக்கும் ஆகும்.

மறுநாள் குழம்பே கட்டியாக ஆடுகிறது என்றால் அது ஜெலட்டின். கெட்டுப்போனதற்கு அல்ல, நன்றாக வெந்ததற்கு அடையாளம்.

கிறிஸ்துமஸ் ரோஸ்ட்டின் தோல் தோலாகவே இருக்கிறது

ஓவன் வெப்பத்தை உயரம் குறைப்பதில்லை, ஆகவே ஊட்டியைக் குறை சொல்ல முடியாது. ஈரத்தைக் குறை சொல்லலாம். குன்னூர், கோத்தகிரிப் பக்கம் வடகிழக்குப் பருவமழை டிசம்பர் வரை இழுக்கும். சமையலறையில் தீப்பெட்டியே நமத்துப்போயிருக்கும்போது தோல் எப்படிக் காயும்? தோலை ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில் புது பிளேடால் கீறுங்கள், கீறல் கொழுப்போடு நிற்கவேண்டும், சதையைத் தொடக்கூடாது. கொதிக்கும் தண்ணீரைத் தோல்மேல் மட்டும் ஊற்றி, அழுந்தத் துடைத்து, கல்லுப்புப் பொடியைத் தேய்த்து, ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் மூடாமல் ஒரு ராத்திரி வையுங்கள். காலையில் தொட்டால் காகிதம் போலச் சலசலக்கும். உப்பைத் தட்டிவிட்டு 220 டிகிரியில் அரை மணி, பிறகு 170-க்கு இறக்கி உள்ளே 71 வரும்வரை.

சின்ன ஓடிஜி (மேசைமேல் வைக்கும் மின்சார ஓவன்) என்றால் மேல்கம்பி தோலுக்கு மிக அருகில் இருக்கும், கீழ்த்தட்டில் வையுங்கள். கறி வெந்தும் தோல் பொரியவில்லையா? தோலை மட்டும் உரித்தெடுத்து, கத்தரிக்கோலால் நறுக்கி, மேல்கம்பியை மட்டும் போட்டுப் பொரியுங்கள். பக்கத்திலேயே நில்லுங்கள், போன் வந்தால் எடுக்காதீர்கள். பொரிந்தபின் மூடிவைக்கக் கூடாது.

பேக்கன் வாணலியில் ஒட்டுகிறது, நுரைக்கிறது, ஒரு பக்கம் கருகி ஒரு பக்கம் வேகாமல் நிற்கிறது

சூடான வாணலியில் போட்டிருப்பீர்கள். பேக்கனைக் குளிர்ந்த வாணலியில் வைத்துத்தான் அடுப்பையே பற்றவைக்கவேண்டும். இரண்டு ஸ்பூன் தண்ணீர் விட்டால் இன்னும் நல்லது. தண்ணீர் வற்றுவதற்குள் கொழுப்பு உருகி, பிறகு அதன் நெய்யிலேயே பொரியும். பாக்கெட்டில் துண்டுகள் உறைந்து ஒட்டியிருந்தால் கத்தியால் பிரிக்கப் போராடவேண்டாம். கட்டியாகவே குளிர்ந்த வாணலியில் வைத்து, இளக இளக ஒவ்வொன்றாக உரியுங்கள்.

வெள்ளை நுரையும் தண்ணீருமாகக் கொப்பளித்தால் உப்புத் தண்ணீர் ஏற்றிய பேக்கன். அந்தத் தண்ணீரைச் சாய்த்துக் கொட்டிவிட்டுத் தொடருங்கள், வேறு வழியில்லை. அடுத்த தடவை வேறு கடை பாருங்கள். சுருண்டுகொண்டால் ஓரத்தில் இரண்டு இடத்தில் கீறிவிடுங்கள். உப்புக் கரித்தால் பொரிப்பதற்கு முன் ஒரு நிமிடம் வெந்நீரில் போட்டு எடுங்கள். பேக்கன் போட்ட சாதத்துக்கோ கிழங்குக்கோ தனியாக உப்புப் போடுவது கடைசி வேலையாக இருக்கட்டும்.

பிள்ளைகளுக்காக நாட்டுச் சர்க்கரை தூவிச் செய்கிற இனிப்புப் பேக்கன் ஒட்டிக்கொண்டு பிசுபிசுக்கிறது என்றால் அது மழைக்காலத்துக் குறை. சர்க்கரை காற்றின் ஈரத்தை இழுக்கும். செய்த சூட்டிலேயே தீர்த்துவிடுங்கள். டப்பாவில் போட்டு வைக்கிற பண்டமில்லை. சர்க்கரை கருகினால் தீ அதிகம். பேக்கன் முக்கால் பதம் பொரிந்தபின் தூவினால் கருகாது.

வீட்டில் போட்ட பேக்கன் பிசுபிசுக்கிறது, உப்புக்கண்டத்தில் பூஞ்சணம்

"ஊட்டியே ஃப்ரிட்ஜ்தானே" என்று சமையலறையில் தொங்கவிடுகிறார்கள். ராத்திரி ஐந்து டிகிரிக்கு இறங்கலாம், பகலில் இருபதைத் தொடுமே! பேக்கனுக்கு ஊறும் நாள் முழுக்க 4 டிகிரிக்குள் இருக்கவேண்டும். ஒரு கிலோ வயிற்றுக்கறிக்கு 25 கிராம் உப்பு, 10 கிராம் சர்க்கரை, 6.25 சதவீத நைட்ரைட் கலந்த க்யூரிங் உப்பு (கறியைப் பதப்படுத்தும் உப்பு) 2.5 கிராம். தராசில் நிறுத்துப் போடுங்கள், ஸ்பூன் கணக்கு இதில் ஆகாது. மூடிய பையில் வைத்துத் தினமும் புரட்டினால் ஏழு நாளில் தயார். அந்த உப்பு கிடைக்கவில்லை என்று வெடியுப்பு போடாதீர்கள். க்யூரிங் உப்பு இல்லாமலே செய்தால் நிறம் சாம்பலாக வரும். பேக்கன் என்று நாள்கணக்கில் வைத்திருக்காமல், உப்புக்கறியாக இரண்டொரு நாளில் சமைத்துவிடுங்கள்.

புகை போடும்போது மருந்து நெடி அடித்தால் தைல மரத்து விறகு. பைன் கட்டையும் அப்படித்தான், பிசின் நெடி ஏறும். காய்ந்த கொய்யாக் கட்டை நல்லது. கட்டையே வேண்டாம் என்றால் பழைய இரும்பு வாணலியில் அலுமினியத் தாள் விரித்து, இரண்டு பிடி தேயிலை, ஒரு பிடி அரிசி, ஒரு கரண்டி நாட்டுச் சர்க்கரை போட்டு, மேலே கம்பித்தட்டில் கறியை வைத்து இறுக மூடிச் சிறு தீயில் பதினைந்து நிமிடம். ஜன்னலைத் திறந்துவிடுங்கள். புகை மணத்துக்குத்தான், வேகவைக்கிற வேலையைத் தனியாகச் செய்யவேண்டும்.

உப்புக்கண்டம் போடுவதானால் பிப்ரவரி, மார்ச். அப்போதுதான் தொடர்ந்து வெயில் இருக்கும். மூட்டம் போட்ட நாளில் தொங்கவிட்டால் காயாமல் புளித்துப் பூஞ்சணம் பூக்கும். துடைத்துவிட்டு மறுபடி வெயிலில் போடலாமா என்றால், வேண்டாம். பச்சையோ கறுப்போ பூத்திருந்தால், தொட்டால் கொழகொழத்தால், குப்பைக்குத்தான். குழி தோண்டிப் புதைத்துவிடுங்கள். வெளியே போட்டால் ராத்திரி கரடியும் காட்டுப்பன்றியும் வாசலுக்கு வந்துவிடும்.